யாரும் பேசாத பெஞ்சு

"என் தங்கச்சி கல்யாணத்துல கரடி மாதிரி ஆடினியே, அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்டா உருப்படியா ஏதோ பண்றே."

"நீ ரொம்ப ஒழுங்கு! பந்து பிடிக்க ஒரு கை, திங்கறதுக்கு நாலு கை."

பந்து பிடிக்கிற கேட்சர் ட்ரூஹியோ சிரித்தான். பந்து வீசுகிற பிட்ச்சர் லைல் ஹாஸ்கெட்டும் சிரித்தான். நான்காவது இன்னிங்ஸ் முடிந்து இருவரும் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் அயோவாவில் சோளக்காட்டை ஒட்டிய ஊர், பேஸ்பாலில் சின்ன லீக். லைலுக்கு முப்பத்துநான்கு வயது. பெரிய லீக்குக்கு ஒரே ஒருமுறை அழைத்தார்கள். ஒரு வாரத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். இன்று கூட்டத்தில், வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பெரிய லீக்கின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்தபோதும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை, ஒருவனாலும் பந்தை அடித்து ஓட முடியவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் இப்படியே முடிந்தால் அபூர்வ சாதனை. இப்படி நடக்கும்போது பந்து வீசுகிறவனிடம் யாரும் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது. மீறினால் ராசி கெட்டுவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள், லைலும்தான். ட்ரூஹியோ விதைப் பொட்டலத்தோடு பெஞ்சின் மறுகோடிக்குப் போய்விட்டான்.

ஏழாவதில் ஒரு பந்தை விடும்போது முழங்கைக்குள் ஈரத்துணி கிழிவது போலிருந்தது. ஏற்கனவே ஒருமுறை தைத்த கை. இன்னொரு தடவை கிழிந்தால் தைக்க ஒன்றும் மிச்சமிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெஞ்சுக்கு வந்ததும் லைல் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, யாராவது "என்னடா ஆச்சு?" என்று கேட்கமாட்டார்களா என்று பார்த்தான். கோச் கிரேடி வானத்தைப் பார்த்தார். மற்றவர்கள் ஷூ கயிற்றைப் பார்த்தார்கள். அவ்வளவு பிரியம் அவன்மேல்.

எட்டாவதில் வேகமாக வீச முடியவில்லை. மெதுவாக வளைத்து வீசினான். அதைக்கூட எதிரணி அடிக்கவில்லை. அடித்துத் தொலையுங்களேன் என்றும், அடித்துவிடாதீர்கள் என்றும் மனசு ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

பெஞ்சுக்கு வந்து தண்ணீர் எடுத்தான். விரல்கள் மூடவில்லை, கோப்பை கீழே விழுந்து உருண்டது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ்.

லைல் எழுந்துபோய் ட்ரூஹியோவின் முன்னால் நின்றான். அவன் பயந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கை போச்சுடா, ட்ரூஹியோ. நீயே கோச்கிட்ட சொல்லி என்னை வெளியே எடுக்கச் சொல்லேன். நான் சொன்னா அழுதுருவேன்."