அமாவாசைக்கு ஏறிய ஆறு

வெங்கிடேஸ்வரனுக்கு ஆபீஸில் ஒரே ஒரு சலுகை உண்டு: அமாவாசை தோறும் அரை நாள் லீவு. மட்டாஞ்சேரி வீட்டில் தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு, மத்தியானம் படகேறி எர்ணாகுளம் போய் மேஜையில் உட்காருவார். மேலதிகாரி ராசப்பன் ஒரு நாளும் தடுத்ததில்லை. "ஸ்வாமியின் பித்ருக்களோடு எனக்கென்ன வழக்கு?" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரிப்பார்.

அது ஆற்றுப்படுகைத் திட்ட ஆபீஸ். மலையில் அணை கட்டி, ஆற்றைச் சுரங்கம் வழியாக அந்தப் பக்கம் திருப்பி மின்சாரம் எடுக்கத் திட்டம். அதற்கு முன், கீழே இருப்பவர்கள் குடித்தது போக எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று தெரிய வேண்டும். ஆற்றில் நட்டிருந்த அளவுகோலைத் தினமும் மத்தியானம் ஒரு தடவை பார்த்துக் குறித்து அனுப்புவார்கள். நீர்மட்டத்தை ஓட்டமாக மாற்றி, பட்டியல் போட்டு, அடியில் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்திடுவது வெங்கிடேஸ்வரனின் வேலை. ஐந்து வருஷப் பட்டியல் முடிந்தபோது, கோடையிலும் ஆறு தாராளமாக ஓடுவதாக வந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி. அறிக்கை அச்சாகி, கெட்டி அட்டை போட்டு டெல்லிக்குப் போயிற்று.

போன பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. வினை அப்படித்தான், கையெழுத்தின் மை காயும்வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

1980-இல் ஒரு நாள் மனைவி அனந்தலக்ஷ்மியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு வேண்டியிருந்தது. எத்தனை மிச்சம் என்று பார்க்கப் பழைய டைரிகளைப் புரட்டினார். 1978 ஏப்ரல் ஏழு, அமாவாசை, அரை நாள். பக்கத்தில் அந்த வருஷப் பட்டியலின் நகல் கிடந்தது. அதே ஏப்ரல் ஏழில் ஆறு ஒன்றரை அடி ஏறியிருந்தது. அன்றைக்கு மலையில் ஒரு சொட்டு மழையில்லை. மார்ச் இருபத்துநாலிலும் அதே ஏற்றம்; பஞ்சாங்கத்தைப் பார்த்தார், பௌர்ணமி. ஐந்து கோடைகளிலும் அமாவாசை, பௌர்ணமி தோறும் அதே ஏற்றம். மழைக்குத்தான் ஆறு ஏறும். சந்திரனுக்கு ஏறுவது கடல். அமாவாசை மத்தியானம் தம் வீட்டுச் சந்தில் ஓடைத் தண்ணீர் எதிர்த்து வந்து வாசற்படியை நனைப்பதை வருஷக்கணக்காகப் பார்த்தவருக்கு இது உறைக்க இத்தனை நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அளவுகோலைப் பார்க்கப் போனார். அதைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிமுத்து தென்காசிப் பக்கத்து ஆள். கணக்கெடுக்கத் தொடங்குமுன்பே பழைய கோல் வெள்ளத்தில் போய்விட்டதாம். புதியதை நாலு மைல் கீழே, நடக்கச் சோம்பல்பட்டு, படகுத்துறையிலேயே நட்டுவிட்டார்களாம். காகிதத்தில் இடம் மாறவில்லை.

"இங்கே கடல் தண்ணி ஏறுமோ?"

"அது தெரியாதா சாமி? கடலு ஏறுனா ஆறு மேலாக்க ஓடும்லா. அமாவாசைக்கு இன்னுங் கூட ஏறும்."

"ஏன் சொல்லலை?"

"தண்ணி எம்புட்டு ஒசரம்னுதான் கேட்டாவ. எந்தப் பக்கம் போவுதுன்னு யாரும் கேக்கலியே" என்றான் இசக்கிமுத்து. அதில் ஒரு குற்றமும் இல்லை.

கடல் தண்ணீரை ஆற்றின் வரவில் சேர்த்துவிட்டார் வெங்கிடேஸ்வரன். மலையில் இருந்த கொஞ்சநஞ்சக் கோடைத் தண்ணீரையும் இனித் திருப்பிவிடுவார்கள். எதிர்த்துத் தள்ள ஆற்றில் வேகமில்லாமல், உப்பு மேலே ஏறி, மட்டாஞ்சேரிக் குழாய்க்குத் தண்ணீர் இறைக்கும் இடம்வரை வந்துவிடும். ஊர்க் கிணறெல்லாம் ஏற்கெனவே உப்பு. அனந்தலக்ஷ்மிக்கோ சிறுநீரகம் கெட்டுப்போய், ஒரு கல் உப்பு கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் ராசப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ராசப்பன் கெட்டவர் இல்லை; அதுதான் கஷ்டம். பட்டியலைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்வாமி சொல்வது சரிதான். ஆனால் பணம் ஒதுக்கி, சுரங்கத்துக்கு வெடியும் வைத்தாகிவிட்டது. இனி நான் எங்கே போய்ச் சொல்ல? ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள், அனுப்பி வைக்கிறேன்."

நாலு பக்கம் எழுதினார். ஏழு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே வரி: 'பட்டியல் சரிபார்க்கப்பட்டிருப்பதால் மறு ஆய்வு தேவையில்லை.' அவர் கையெழுத்தைக் கொண்டே அவர் வாயை அடைத்துவிட்டார்கள். இன்னும் மூன்று குறிப்பு எழுதினார். அவை திரும்பக்கூட இல்லை.

வீட்டில் இதை அவர் சொல்லவேயில்லை. எதைச் சொல்வது?

1985-இல் ஓய்வு பெற்றார். மறு வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் விளக்கெரிந்தது. அடுத்த கோடையில், ஒரு பௌர்ணமியன்று, குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்புளித்தவருக்கு நாக்கில் உப்புக் கரித்தது. சந்தில் எல்லோரும் சர்க்காரைத் திட்டினார்கள். மனுப் போட்டார்கள். வாரம் ஒரு தடவை லாரித் தண்ணீர் வந்தது. அதில் இரண்டு குடத்தை அனந்தலக்ஷ்மிக்கென்று மூடி வைத்துச் சமைத்தார். அவளுக்கு அடுக்களையில் நிற்கவும் தெம்பில்லை.

ஏப்ரலில் லாரி ஒன்பது நாள் வரவில்லை. குடம் காய்ந்தது. தெரிந்தவர் வீடெல்லாம் அலைந்து வெறும் பாத்திரத்தோடு திரும்பினார். மத்தியானம் தாண்டியும் அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் குழாயைத் திறந்து கஞ்சி வைத்தார்.

ஒரு வாய் குடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வெகுநாளாக அந்த முகத்தில் இல்லாத ஒரு களை வந்தது.

"ஏன்னா, உப்பு போட்டேளா?"

அவர் கஞ்சிப் பானையை மூடப் போனார்.

"டாக்டர் கிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாதேங்கோ. ஏழு வருஷமாச்சு, நாக்குக்கு ருசி தெரிஞ்சு." கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு அவர் பக்கம் நீட்டினாள். "இன்னும் ஒரு கரண்டி இருக்குமோ?"