கவிழ்த்து வைத்த வாளி

பிளீச்சிங் பவுடருக்கு மாமியார் என்றும் ஆசிடுக்கு மருமகள் என்றும் பெயர் வைத்தது நாத்தனார்தான். இரண்டையும் ஒரே அறையில் விட்டால் புகையும் என்பதற்காக.

அண்ணியும் நாத்தனாருமாகச் சேர்ந்து அந்தப் பள்ளிக்கூடத்தின் கழிப்பறைகளைக் கழுவினார்கள். பவுடர் அண்ணியின் பொறுப்பு, ஆசிட் நாத்தனாருடையது. பவுடர் போட்டு ஊற வைத்த கழிப்பறையின் வாசலில் அண்ணி ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்பாள். வாளி கவிழ்ந்திருந்தால் அன்றைக்கு அங்கே ஆசிட் போகக் கூடாது. இதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை கண் எரிந்து பாதி நாள் பார்வை மங்கிக் கிடந்த பிறகு அவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

ரப்பர் கையுறை ஒரே ஒரு ஜோடிதான் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கொன்று. வலது கை யாருக்கு என்பதில்தான் தினமும் காலையில் தகராறு.

"வலது எனக்கு."

"நேத்தும் உனக்குத்தானடி."

"எங்க அண்ணனையே உங்களுக்குக் குடுத்திருக்கோம். ஒரு கையுறைக்குப் போய் கணக்குப் பாக்கறீங்களே, அண்ணி!"

"உங்க அண்ணனைத் திருப்பி எடுத்துக்கோ. கையுறையைக் குடு."

நாத்தனார் சிரித்தபடியே வலதை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அண்ணிக்கு அவளைத் துரத்தத் தெம்பில்லை. மேலதிகாரிகள் பள்ளியைப் பார்க்க வருகிறார்கள் என்று இரண்டு நாளாக வேலை இடுப்பை ஒடித்தது. சுவரில் இருந்த பென்சில் கோடுகளைக்கூடத் தேய்த்தாயிற்று. ராத்திரி படுத்தால் கால் தனியாக விழித்துக்கொண்டிருக்கிறது.

மாடிக் கழிப்பறையில் பவுடரைப் போட்டுவிட்டு, வாசலில் வாளியைக் கவிழ்த்தாள். மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாது. இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தண்ணீரோடு படியேறும்போது இருமல் கேட்டது. தூசிக்கு வரும் இருமல் இல்லை. மூச்சை உள்ளே இழுக்க இடமே கிடைக்காத இருமல். அண்ணி வாளியைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினாள். கழிப்பறைக்குள் கணுக்கால் உயரத்துக்கு மஞ்சளும் பச்சையுமாக ஏதோ புகை படர்ந்திருந்தது. நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அண்ணி தோள்துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே போய், கைக்குக் கிடைத்த சடையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

"வாளி... இல்லையே அண்ணி."

"வெச்சேன்டி. என் கையால வெச்சேன்."

வாட்ச்மேன் ஓடி வந்தார். வராண்டாவில் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது என்று ஆபீஸில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். "அழுக்கு வாளி கிடக்குதேன்னு நான்தாம்மா எடுத்து உள்ள வெச்சேன். உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு..." என்றார். சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் செத்துப்போயிற்று. அண்ணிக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. வாளி எதற்கு என்று அவரிடம் யார் சொன்னார்கள்? அவளே சொன்னதில்லை.

துப்புரவு காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வாசலில் இறக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர் கேட்டா, வீட்டுல கழுவும்போதுன்னு சொல்லிடுங்கம்மா. பள்ளிக்கூடம்னு வெளிய போச்சுன்னா காண்ட்ராக்டை ரத்து பண்ணிடுவாங்க. நானும் வீட்டுக்குப் போகணும், நீங்க ரெண்டு பேரும் போகணும்."

நாத்தனார் கண்ணீர் வழியும் கண்ணோடு அண்ணியின் கையை அழுத்தினாள். "சரின்னு சொல்லுங்க அண்ணி. இந்த வேலையும் போனா என் பிள்ளைங்களை என்ன பண்ணுவேன்?"

உள்ளே நாத்தனாருக்கு ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். அவளும் தூங்கியிருக்கவில்லை, கண்ணின் கீழே கருத்திருந்தது.

"எங்க நடந்தது?"

"வீட்டுல," என்றாள் அண்ணி.

"எவ்வளவு ஊத்தினாங்க? வீட்டுல கொஞ்சம்தான்னா மருந்து குடுத்து, கொஞ்ச நேரம் வெச்சுப் பாத்துட்டு அனுப்பிடுவேன். அதிகம்னா அனுப்ப முடியாது. இப்போ நல்லா இருக்கற மாதிரி தெரியும். ராத்திரி நுரையீரல்ல நீர் கோத்துக்கும். அதான் கேக்கறேன்."

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். அவள் மாஸ்க்குக்கு மேலே கண்ணால் கெஞ்சினாள். கொஞ்சந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். படுக்க வேண்டும் என்ற நினைப்பே அண்ணிக்கு இனித்தது.

"கொஞ்சந்தான்."

"நீங்க உள்ள போய் இழுத்துட்டு வந்தீங்களா? பாத்ரூம் எவ்வளவு பெருசு?"

அண்ணி தன் வீட்டுக் கழிப்பறையை நினைத்துப் பார்த்தாள். ஒருவர் உட்கார்ந்தால் முட்டி கதவில் இடிக்கும். அதற்குள் இரண்டு பேரை நிறுத்தி, ஒருத்தியை விழவைத்து, இன்னொருத்தியை ஓடி வரச் செய்ய வேண்டும். கதவைப் பெரிதாக்க வேண்டும், சுவரைத் தள்ளி வைக்க வேண்டும். பொய் சொல்வதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது. இன்றைக்கு இனி ஒரு வேலையும் அவளால் ஆகாது.

"எங்க வீட்டு கக்கூஸ்ல ரெண்டு பேர் நிக்க முடியாதும்மா," என்றாள். "பள்ளிக்கூடத்துல நடந்தது. ஒரு பாட்டில் முழுசும் ஊத்திட்டா. நான் வந்து பாக்கறதுக்குள்ள எவ்வளவு நேரம் உள்ள இருந்தாளோ தெரியாது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். நர்ஸைக் கூப்பிட்டு, வார்டில் ஒரு படுக்கை தயார் செய்யச் சொன்னாள்.

அண்ணி நாத்தனாரின் பக்கம் திரும்பத் துணியவில்லை. தரையைப் பார்த்தபடி இருந்தாள். "திட்டறதுன்னா நாளைக்குத் திட்டுடி," என்றாள். "இன்னிக்கு மூச்சு விடு."

நாத்தனார் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினாள். குரல் தகரத்தைத் தேய்த்தது போல வந்தது.

"அந்தக் கக்கூஸ் ஜன்னலைத் தொறக்க முடியாம ஆணி அடிச்சிருக்காங்க. அதையும் சொல்லுங்க அண்ணி."