ஓடிவர வேண்டிய சத்தம்

பலகைச் சத்தம் கேட்டால் மட்டும்தான் அந்தக் கிறிஸ்தவ மடத்தில் ஓடலாம். மற்ற நேரத்தில் ஓடினால் தண்டனை. சாகப்போகிற துறவியைத் தரையில் சாம்பல் தூவிக் கோணியில் கிடத்திவிட்டு, தாழ்வாரத்தில் தொங்கும் பலகையைத் தட்டுவார்கள். சாப்பாடோ ஜெபமோ, போட்டது போட்டபடி "விசுவசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் ஓடிவர வேண்டும். யாரும் தனியாகச் சாகக் கூடாது, அவ்வளவுதான்.

முதிய துறவி தெசெலின் இரண்டு தடவை சாம்பலில் கிடந்துவிட்டார். பாழாய்ப்போன உயிர் இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து, வாய் கோணி, நோயாளிக் கூடமே கதி என்று ஆகிவிட்டது. கோயில் மணி அடிக்கும். அது எழுந்து நடக்கிறவர்களுக்கு. இவருக்குக் காலையும் ஒன்றுதான், மாலையும் ஒன்றுதான்.

இரண்டாம் தடவை திராட்சை பறிப்பை விட்டுவிட்டு ஓடிவந்த துணைத் தலைவர் ஹெர்வே, "புலி வருது கதையா போச்சுய்யா உம்ம சாவு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாம்பலில் கிடந்தவருக்கு அது நன்றாகவே கேட்டது. அன்றிலிருந்து ஒரே பயம். அடுத்த தடவை யாரும் வராமல், நாய் மாதிரி தனியாகப் போய்விடுவோமோ?

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் கோஷே மட்டும் அவர் குழறலைப் புரிந்துகொள்வான்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல, அண்ணே? பலகைய உடைச்சாவது எல்லாரையும் இழுத்துட்டு வரேன். கஞ்சியக் குடிங்க."

"நீ எனக்கு முந்திப் போயிட்டா?"

"நல்ல வார்த்தை சொல்லுங்க!"

ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தபோது, கஞ்சியோடு வந்த கோஷே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். "அண்ணே... பலகை..." என்றான். முகமெல்லாம் வேர்வை.

தெசெலின் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். கட்டிலோரம் இருந்த கைத்தடியைப் பற்றிக்கொண்டு, ஒரு முழங்கையை ஊன்றி, செத்த காலை இழுத்துக்கொண்டு ஊர்ந்தார். அந்தத் தாழ்வாரம் அவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. சுவரில் சாய்ந்து, கைத்தடியால் பலகையைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

காலடி கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ, "வந்துருச்சு புலி!" என்றான். சிரிப்பு. கரண்டிச் சத்தம். பிறகு சாப்பாட்டுக்குப் பிந்தைய ஜெபம், ஒரு வரி விடாமல்.

திரும்பிப் போய் கோஷேயின் கையைப் பிடித்துக்கொள்வதா, இங்கேயே தட்டுவதா? யாராவது வந்துவிடுவார்கள், வந்துவிடுவார்கள் என்று தட்டினார்.

வந்தார்கள், நடந்து. முன்னால் ஹெர்வே, வாயைத் துடைத்துக்கொண்டு.

"அட! நீரே உமக்குத் தட்டிக்கிற அளவுக்குத் தெம்பு வந்துருச்சா?"

தெசெலின் வாய் குழறியது. யாருக்கும் புரியவில்லை. தடியை நீட்டி நோயாளிக் கூடத்தைக் காட்டினார். ஹெர்வே உள்ளே எட்டிப் பார்த்தார்.

கோணியும் இல்லை, சாம்பலும் இல்லை. கொட்டிய கஞ்சியில் கன்னம் பதிய, கண் திறந்தபடி கோஷே கிடந்தான். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"ஐயோ, ஓடி வாங்கடா!" என்று ஹெர்வே கத்தினார்.

அப்போதுதான் எல்லோரும் ஓடினார்கள்.