சக்கரம் தரையைத் தொட்டதும்

திங்கட்கிழமை நியூயார்க்கில் என் வீட்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் அப்போது டொமினிக்கன் குடியரசில், மீச்செஸ் என்ற கரையோர ஊரில், கடல் பார்த்த என் சொந்த வீட்டில் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் என் கீழ்வீட்டுக்காரி நூரிஸ் அதைப் படமெடுத்து அனுப்பினாள். வியாழன் மூன்று மணிக்குக் கட்டட முதலாளியின் ஆள் பார்வையிட வருவாராம். எனெய்தா பெகேரோ, அதாவது நான், நேரில் இருக்க வேண்டுமாம்.

பழைய குறைந்த வாடகையில் இருப்பவர்கள் சட்டப்படி வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அங்கேயே வாழ வேண்டும். இல்லையென்றால் முதலாளி வழக்குப் போட்டு வீட்டைப் பிடுங்கிக்கொள்வார். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆவியில் வெந்து காப்பாற்றிய வீடு அது. என் இதய மருத்துவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அந்த வீடு போனால் எனக்கு நியூயார்க்கே போயிற்று. வழக்கமாக ஐந்து மாதத்தில் திரும்பிவிடுவேன். இந்த முறை மீச்செஸில் கூரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஏழு மாதம் ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். அதற்காக வீட்டைத் தூக்கிக் கொடுக்க முடியுமா?

எனக்குப் பயம் முதலாளியைவிட ரடமேஸிடம்தான். கட்டடத்தைப் பராமரிக்கிறவன். எங்கள் நாட்டுக்காரன், ஆனால் வாங்குவது முதலாளியின் சம்பளம். ஊருக்குப் போகும்போதெல்லாம் நகரின் வடகோடியில், ப்ராங்க்ஸில், தங்கை வீட்டில் இருக்கப்போவதாகத்தான் அவனிடம் சொல்வேன். ஒவ்வொரு முறை நான் திரும்பும்போதும் வாசலில் விளக்குமாறோடு நின்று என் பெட்டிகளைப் பார்ப்பான்.

"என்னக்கா, ப்ராங்க்ஸ்ல வெயில் கொளுத்துதோ? இப்படிக் கறுத்துட்டீங்க!"

வேவு பார்க்கிற பயல் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே சிரித்து வைப்பேன்.

செவ்வாயன்று அவனே போன் செய்தான். "வியாழக்கிழமை இருப்பீங்கல்ல?"

"இல்லாம? தங்கச்சி வீட்ல, ப்ராங்க்ஸ்ல இருக்கேன்பா. மூணு மணிக்கு டான்னு வந்து நிப்பேன்."

வியாழன் காலை விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. நியூயார்க் வானத்துக்கு வந்த பிறகும் இறங்காமல் வட்டமடித்தது. மூன்று மணி ஆனது. என் நெஞ்சு அடித்த அடியில் மருத்துவர் இருந்திருந்தால் அங்கேயே படுக்க வைத்திருப்பார். பக்கத்தில் யூபெல்கிஸ் என்றொரு பெண், மடியில் முழு வட்டப் பாலாடைக்கட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குக்கா இப்படி நடுங்குறீங்க? வேணும்னா என் கையைப் பிடிச்சுக்கங்க."

"கையை வச்சு என்னடி பண்ண? பிளேனை இறக்கச் சொல்லு அந்தப் பைலட்டை!"

கடைசியில் விமானம் கடலின்மேல் தாழ்ந்தது. பணிப்பெண் பார்க்காத நேரம் போனை உயிர்ப்பித்தேன். உடனே அடித்தது. ரடமேஸ். எடுக்காவிட்டால் வீட்டில் யாரும் வாழவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். எடுத்தேன்.

"அக்கா, சார் என் பக்கத்துல நிக்கிறாரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எங்க இருக்கீங்க?"

"ப்ராங்க்ஸ்லதான் தம்பி. ரயில் லேட்டு. இதோ..."

அப்போதுதான் சக்கரம் தரையைத் தொட்டது.

எங்கள் நாட்டு விமானம் தரை தொட்டால் நாங்கள் கைதட்டுவோம். இன்று நேற்றல்ல, விமானம் ஏறிய நாளிலிருந்தே அப்படித்தான். நானே நாற்பது வருடமாகத் தட்டுகிறவள். அது அந்த நிமிடம் என் மண்டையில் உறைக்கவே இல்லை. நூற்றெண்பது பேரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். "கடவுளுக்கு நன்றி!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். யூபெல்கிஸ் பாலாடைக்கட்டியை என் மடியில் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள். நான் போனைப் பொத்தினேன். பொத்தி என்ன பயன்? எங்கள் நாட்டில் பிறந்த எவனுக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"அது என்ன சத்தம்?" என்று முதலாளியின் ஆள் ஆங்கிலத்தில் கேட்டது காதில் விழுந்தது.

ரடமேஸ் தொண்டையைச் செருமினான். "சர்ச் சார். வியாழக்கிழமை ஜெபம். முடிஞ்சதும் எங்காளுங்க இப்படித்தான் தட்டுவாங்க." பிறகு அந்த ஆளுக்குப் புரியாத எங்கள் ஸ்பானிஷில், "அக்கா, ஜெபத்தை முடிச்சிட்டு நிதானமா வாங்க. சாருக்கு நான் கொதிகலனைக் காட்டிட்டிருக்கேன்."

குடியேற்ற வரிசையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். டாக்ஸிக்காரனை வழியெல்லாம் வைதேன். போய்ச் சேர்ந்தபோது ஐந்தடிக்கப் பத்து நிமிடம். முதலாளியின் ஆள் முழங்காலெல்லாம் கரியோடு வாசலில் நின்றிருந்தார். கொதிகலன், தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி, மின்மீட்டர் என்று ஒன்று விடாமல் இழுத்தடித்திருக்கிறான் ரடமேஸ். அந்த ஆள் ஏப்ரல் குளிரில் செருப்போடு வந்த என் காலைப் பார்த்தார். சமையலறையை ஒரு நோட்டம் விட்டார். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு ரடமேஸைப் பார்த்தேன். "ஏன்பா காப்பாத்தினே? உன் வேலை போயிருக்குமே."

அவன் தொப்பியைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினோரு வருஷமாச்சுக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டு. இந்த நாட்டுல இருக்கிறதுக்கு என்கிட்ட பேப்பர் இல்லை. ஊருக்குப் போனா திரும்பி வர முடியாது. எங்கம்மாவைப் புதைச்சதைக்கூட போன்லதான் கேட்டேன்."

இவனையா இத்தனை வருடம் திட்டினேன் என்று வெட்கமாக இருந்தது. காபி போடுகிறேன் என்று திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அடுத்த வாட்டி போறப்ப ஒண்ணு பண்றீங்களா?" என்றான். "அங்க இறங்குறப்ப எனக்குப் போன் போடுங்க. எதுவும் பேச வேணாம். போனை மேல தூக்கிப் பிடிங்க, போதும்."

"செப்டம்பர்ல போறேன்பா."

"செப்டம்பரா? ஒழுங்கா எண்ணுங்க. நூத்தி எண்பத்தி மூணு நாள் இங்க இருக்கணும். அக்டோபர் ஆயிடும்." தொப்பியை மாட்டிக்கொண்டான். "நான் இங்கதான் இருப்பேன், அவசரமில்லை."