ஈரக் கோணி

"நாலு மணிக்கு வேன் வந்துடும்" என்று நாகேஷ் சொல்லிவிட்டுப் போனபோது மணி ஒன்றேகால். பொம்மனஹள்ளியில் பாதி எழும்பி நின்ற அந்தக் கட்டடத்துக்கு அவர்தான் சூப்பர்வைசர். போன வாரம் கட்டடம் பார்க்க வந்த ஓனர் மகளின் கழுத்தில் உண்ணி ஏறிவிட்டதாம். சைட்டு நாயைப் பிடித்து ஊருக்கு வெளியே எங்கேயாவது விட்டுவிடச் சொல்லியிருந்தார்கள்.

விஜி கெஞ்சியதில் ஒரு சலுகைதான் கிடைத்தது.

"வேன் வரும்போது அதும் மேல ஒரு உண்ணிகூட இல்லேன்னா இங்கயே இருக்கட்டும்மா. இருந்தா நான் ஏனூ மாடக்காகல்ல. என் கையில ஒண்ணும் இல்ல."

நாயின் பெயர் லோடு. குட்டியாக மணல் லாரியில் லோடோடு வந்து இறங்கியதால் அந்தப் பெயர். விஜி சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தனியாகக் குடியிருக்கும் சித்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இரண்டு வருஷமாக வாசலில் குறுக்கே படுத்து அவளைத் தூங்க வைத்தது லோடுதான். அது போய்விட்டால் அந்தக் கொட்டகையில் அவளால் கண் மூட முடியாது.

மருந்து வாங்கியாயிற்று. ஒரே ஒரு சின்ன பாட்டில். கடைக்காரர் இரண்டு தடவை எச்சரித்திருந்தார். "தண்ணியில கலந்து உடம்பு பூரா படணும். கழுவக் கூடாது, தானா காயணும். காயறதுக்குள்ள நக்கிச்சுன்னா நாய் பொழைக்காது. ஹுஷாரா பாத்துக்கம்மா."

"முதல்ல வெறும் தண்ணிய ஊத்திப் பாப்போம். கட்டுக்கா" என்றான் கொத்தனார் முனிகிருஷ்ணன்.

கயிற்றால் பில்லரில் கட்டினார்கள். ஒரு மக் தண்ணீர் முதுகில் விழுந்ததுதான் தாமதம், லோடு ஊளையிட்டுக்கொண்டு பில்லரைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கயிறு கழுத்தை இறுக்கியது. நாக்கு வெளியே தள்ளிவிட்டது. முனிகிருஷ்ணன் பதறிப் போய்க் கயிற்றை அறுத்தான். லோடு பாய்ந்து படிக்கட்டுக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டது.

"என்னாக்கா இது, ஆசிட்ட ஊத்தின மாதிரி கத்துது!"

விஜிக்குக் காரணம் தெரியும். குட்டியாக இருந்தபோது ஈர சிமெண்டில் கால் பதித்ததற்காக, ஓடுகிற மோட்டார் பைப்பை அதன் மூஞ்சிக்கு நேரே திருப்பியவள் அவள்தான். குட்டி உருண்டு போய்ச் சுவரில் மோதியது. அன்றைக்கு அவள் சிரிக்கவும் செய்தாள்.

மணி இரண்டரை ஆயிற்று. வெளியே வா என்று கூப்பிட்டாலும் லோடு பல்லைக் காட்டியது. விஜி எதிரே இருந்த பில்லர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுக் கான்கிரீட் இறுக ஈரம் வேண்டும்; தளத்துக்கு வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்கலாம். நட்டமாக நிற்கும் பில்லருக்கு அது ஆகாது, ஊற்ற ஊற்ற வழிந்துவிடும். அதனால் கோணியை நனைத்துச் சுற்றி வைப்பார்கள். தினமும் அவள் செய்கிற வேலை அது.

சட்டென்று எழுந்தாள்.

"நீ மேல போ தம்பி. இங்க யாரும் நிக்க வேணாம்."

லோடு படுக்கிற பழைய கோணியையே எடுத்து வந்தாள். சட்டியில் மருந்தைக் கலந்து, கோணியை முக்கி, ஒரு சொட்டும் ஒழுகாமல் முறுக்கிப் பிழிந்தாள். படிக்கட்டுக்கு அடியில் லோடுக்கு முதுகைக் காட்டி நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். கோணியைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முழங்கைக்குப் பின்னால் மூக்கு உரசியது. லோடின் வாசமே அடிக்கும் கோணி.

மெல்ல அதன் முதுகில் போர்த்தினாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் ஓடவில்லை. பில்லரை அழுத்துவது போல அங்குலம் அங்குலமாக அழுத்தினாள். முதுகு, விலா, வயிறு, தொடை. மறுபடி முக்கி, மறுபடி பிழிந்து, காது மடலுக்கு வந்தாள். உண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

அப்போது வெளியே மோட்டார் உறுமியது.

பில்லருக்குத் தண்ணீர் விடும் அக்காவின் வேலையை நாமே செய்துவிடுவோம் என்று மேலிருந்து முனிகிருஷ்ணன்தான் சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். படிக்கட்டுக்கு எதிரே கிடந்த பைப் உப்பியது, துள்ளியது, வாய் இந்தப் பக்கம் திரும்பியது. லோடு எழுந்துவிட்டது. உடம்பு முழுக்க விஷம். இப்படியே ஓடினால் எந்த மூலையிலாவது போய் நக்கும். இறுக்கிப் பிடித்தால் கயிற்றின் கதைதான். கத்தினால் இன்னும் மிரளும்.

விஜி கையை எடுத்தாள். பிடிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து படிக்கட்டுக்கு அடியில் நுழையும் வழியைத் தன் முதுகால் அடைத்தாள். தண்ணீர் பிடரியில் அறைந்தது. மூச்சு முட்டியது. குட்டிக்கு இது எப்படி இருந்திருக்கும்!

லோடு ஓட இடமிருந்தது, பக்கவாட்டில். ஓடவில்லை. அவள் நெஞ்சுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது.

"அய்யோ, ஸாரிக்கா!" மோட்டார் நின்றது.

"தண்ணி இது மேல படல. நீ கிட்ட வராத" என்றாள் மெதுவாக.

அப்புறம் காய வேண்டும். நாற்பது நிமிஷம். லோடு தன் காலை நக்கக் குனியும்போதெல்லாம் அதன் தாடையைக் கையில் ஏந்தினாள். ஏந்திய கை மரத்துப் போயிற்று.

நாலு மணிக்கு நாகேஷ் வேன் டிரைவரோடு வந்தார். குனிந்து காதைப் புரட்டினார், வால் அடியைப் பார்த்தார், விரல் இடுக்குகளைப் பார்த்தார். தரையில் செத்துக் கிடந்தவற்றைச் செருப்பால் தள்ளினார்.

"நீங்க ஏம்மா இப்படி நனஞ்சிருக்கீங்க? நாய்க்குத்தானே குளியல்?"

"வேன அனுப்பிடுங்க சார்."

நாகேஷ் டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினார். வேன் கிளம்பிய சத்தம் ஹோசூர் ரோட்டு இரைச்சலில் கரையும் வரை விஜி லோடின் தாடையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.