பெடலுக்கும் துளசியின் காலுக்கும் நடுவே

1.

இந்தக் கதை ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. அதைச் சொன்ன பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டி கோல சிலாங்கூர் போகும் வழியில், செம்பனைக் காட்டை ஒட்டி ஒரு பழைய ஜீப் நின்றிருந்தது. முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. பக்கத்தில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்சீட்டில் ஒரு வயதான அம்மாள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். காரை நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டேன்.

“வேணாண்ணே. பிரேக்கு பிடிச்சிக்கிச்சு. சூடு ஆறினா தானா விட்டுரும்.”

நான் கிளம்பிவிட்டேன். வாக்கியம் கூடவே வந்தது. அதை வாழ்க்கைத் தத்துவமாக ஊதிப் பெருக்கும் ஆசை எனக்கும் வந்தது. [அப்படி எழுதிய ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.] பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டேன்: பிரேக் ஏன் பிடித்தது?

2.

முதல் தொடக்கம்: “துளசியின் கணவன் சேது வண்டி வேலை தெரிந்தவன். அவன் மட்டும் இருந்திருந்தால் —”

வேண்டாம். அவன் இருந்திருந்தால் கதை அவனுடையதாகிவிடும். சேதுவுக்கு விவாகரத்து வாங்கிக் கொடுத்து ஜொகூருக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது காரை அவன் எடுத்துக்கொண்டான். ஜீப் துளசிக்கு வந்தது.

இரண்டாம் தொடக்கம். இதுதான் நின்றது.

தோட்டத்து உள்பாதை செம்மண். மழை பெய்தால் வாடகைக் கார் எதுவும் உள்ளே வராது. துளசியின் ஜீப் வரும். லயத்து வரிசை வீட்டில் இருந்த காளியம்மாவை ஒருநாள் விட்டு ஒருநாள் டவுனுக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது அவள் பிழைப்பு. நேரம் தவறினால் அடுத்த ஆள் வந்துவிடுவார். காளியம்மாவுக்கு ரத்தச் சுத்திகரிப்பு நேரத்தைக் குறைத்து அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குக் கால் வீங்கிவிடும். இந்த மாதத்தில் வழியில் பிரேக் பிடித்து அப்படிப் பலமுறை ஆகிவிட்டது. அம்மாவை டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று மகன் பேச ஆரம்பித்திருந்தார்.

“அங்க போனா ஒரு பிஸ்கட்டு திங்கவும் கேட்டுத்தான் திங்கணும்” என்றார் காளியம்மா. “வண்டிய சரி பண்ணு தொளசி.”

3.

துளசி ஜாக்கி வைத்துத் தூக்கி, புகைந்த சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கை மூடியிருந்த டிரம்மைத் தட்டித் தட்டி எடுத்தாள். உள்ளே கறுப்புத் தூசி. ஈரத் துணியால் துடைத்தாள். பிரேக் கட்டைகளைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குகள் துருப்பிடித்துக் கிடந்தன. புதிது வாங்கி மாட்டினாள். சக்கரத்தைக் கையால் தட்டிவிட்டதும் காற்றாடி மாதிரி சுற்றியது.

[இங்கேயே முடித்திருந்தால் இது கதை இல்லை, யூடியூப் வீடியோ.]

அடுத்த பயணத்தில், வழியிலிருக்கும் அசாம் ஜாவா ஊர் வருவதற்குள் மறுபடி புகை.

அதுவரை புகைந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றுதான் மற்ற மூன்றின் பக்கமும் கையைக் கொண்டுபோனாள். எல்லாமே கொதித்தன. ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில். நான்கும் சேர்ந்து பிடித்தால், நான்குக்கும் பிரேக் எண்ணெய் அனுப்பும் இடத்தில் என்னவோ இருக்கிறது. சக்கரத்துப் பின்னால், எண்ணெயில் சேர்ந்த காற்றை எடுக்கும் சின்ன நட்டைத் திறந்தாள். எண்ணெய் பீய்ச்சி அடித்தது. இறுகியிருந்த சக்கரம் சட்டென்று இளகியது. பெடலில் யாரும் கால் வைக்காமலே உள்ளே அழுத்தம் நின்றிருக்கிறது.

நட்டை மூடிவிட்டு, பெடலுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் துரு. பெடலிலிருந்து போகும் கம்பியின் நட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இதுல யாரோ கை வச்சிருக்காங்க.”

“கண்மணிதான்” என்றார் காளியம்மா. “கோயில்ல அன்னதானம் போட்ட அன்னிக்கி எல்லாரும் சாப்டப்ப உன் ஜீப்புக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருந்தா. நீதான் வரச் சொல்லியிருக்கன்னு நெனச்சேன்.”

கண்மணி சேதுவின் தங்கை. அசாம் ஜாவாவில் டயர் கடையில் வேலை. துளசியின் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தாள். விவாகரத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

4.

கண்மணியை முதலில் கெட்டவளாகத்தான் எழுதினேன். “அண்ணன் குடும்பத்தைக் கலைத்தவளைப் பழிவாங்க, கண்மணி ஸ்பேனரை எடுத்தாள். அவள் கண்கள் —”

கடகடவென்று இரண்டு பக்கம் வந்தது. அப்படி வந்ததுதான் எனக்குச் சந்தேகம். பிரேக்கைக் கெடுக்க நினைக்கிறவள் பிடிக்காமல் போகவல்லவா செய்வாள்? பிடிக்கும்படி எதற்குச் செய்தாள்?

துளசி அவ்வளவு யோசிக்கவில்லை. காளியம்மாவை டயாலிசிஸில் விட்டுவிட்டு நேரே டயர் கடை வாசலில் போய் நிறுத்தினாள்.

“என் ஜீப்புல கை வச்சியா?”

கண்மணி உருட்டிக்கொண்டு வந்த டயரைச் சுவரில் சாய்த்தாள். “வச்சேன்.”

“நோயாளி உக்காந்திருக்கிற வண்டி. நடு ரோட்டுல நாலு சக்கரமும் பிடிச்சிக்கிது.”

“நாலுமா?” கண்மணியின் முகம் வெளுத்துவிட்டது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். “கடைக்கு முன்னால இந்த டிராபிக் லைட்டுல ஜீப் நிக்கிறப்பல்லாம் பார்ப்பேன். சீட்டு நுனிக்கு நகந்து வந்து, எக்கி எக்கி மிதிக்கிறது. அண்ணன் ஒசரத்துக்குப் போட்ட சீட்டு அது. என்னிக்காச்சும் எங்கயாச்சும் மோதிரும்னு பயமா இருந்திச்சு. பெடல் மேல வந்தா காலு எட்டும்னு கம்பிய நீட்டி விட்டேன்.”

“அத சொல்ல வாயில்லயா?”

“பேசிக்கிறதில்லயே.”

துளசிக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நாளாக முட்டி வலி இல்லை. பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

5.

கண்மணி ஜீப்புக்குள் குனிந்தாள். கம்பியை அளவுக்கு மேல் நீட்டிவிட்டிருந்தாள். அதனால் பெடலை விட்ட பிறகும் எண்ணெய் திரும்பிப் போகும் துளை மூடியே கிடந்தது. ஓட ஓட எண்ணெய் சூடாகி, போக வழியில்லாமல் பிரேக்கை அழுத்தியது. பெடல் கொஞ்சம் சும்மா அசைந்த பிறகு பிடிக்கும் அளவுக்குக் கம்பியைக் குறைத்தாள். துளசி பெடலை மிதிக்க, கண்மணி சக்கரம் சக்கரமாகக் காற்றை எடுத்தாள். மிதி, விடு என்ற பேச்சு மட்டும்தான்.

“இப்ப பழையபடி எட்டாதே” என்றாள் துளசி.

இருவரும் பெடலையே பார்த்தார்கள். பிறகு துளசி சீட்டைப் பார்த்தாள்.

“இத முன்னால தள்ளுனா என்ன?”

இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். எனக்கும் மூன்றாவது முறை எழுதும்போதுதான் தோன்றியது. தரையில் புதிதாக ஓட்டை போட்டு சீட்டை முன்னால் கொண்டுவந்து முடுக்கினார்கள். துளசி உட்கார்ந்து மிதித்தாள். முதுகு சீட்டில் சாய்ந்திருந்தது, பாதம் முழுசாகப் பெடலில் இருந்தது.

கம்போங் குவாந்தான் வரை ஓட்டிப்போனார்கள். ஆற்றுப் பாலத்தருகே கண்மணி இறங்கி, ஒவ்வொரு டிரம்மாகத் தொட்டாள். வெயிலில் நின்ற இரும்பின் சூடு, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் ஏறிய காளியம்மா காலை நீட்டிப் பார்த்தார். “எடம் பெருசாயிருச்சே. என் மகன்ட்ட சொல்லு, நான் எங்கயும் போகல.”

6.

முடிவுக்கு வந்துவிட்டேன். சேது போன் செய்கிற முடிவு ஒன்று இருந்தது, அழித்துவிட்டேன். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிற முடிவு ஒன்று. இந்த இரண்டு பேரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

எனக்கு எழுத வராதது ஒரே ஒரு சொல். கண்மணி பேசியதை மறுபடி பாருங்கள். ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை. ‘அண்ணி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள். அண்ணன் மனைவியாக இல்லாதவள் அண்ணியா? பெயர் சொல்ல வயது தடுக்கிறது. ‘அக்கா’ என்றால் கடைக்கு வரும் யாரையோ கூப்பிடுவது போலாகிவிடுகிறது.

அசாம் ஜாவாவில் இறங்கியவள் கதவை மூடாமல் நின்றாள்.

“அடுத்த தடவ கிளம்புறப்ப நானும் ஏறிக்கிறேன். கடையில இறக்கிவிட்டா போதும். எப்ப கிளம்பணும், ________?”

அந்தக் கோடு உங்களுக்கு. எதை எழுதினாலும் கொஞ்சம் சத்தமாக எழுதுங்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. துளசிக்குக் கேட்டுவிட்டது, அவள் திரும்பிப் பார்த்தாள் என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் அவள் சொன்ன பதில் என்னிடம் இருக்கிறது.

“விடியறதுக்குள்ள வந்துரு லா. காளியம்மா காத்திருக்க மாட்டாங்க.”