திறந்தவுடன் வரும் ஃபோல்டர்

எங்கள் டி.டி.பி. கடையின் கணினியில் ஒரு மஞ்சள் ஐகான் இருந்தது. அதைச் சொடுக்கினால் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். மற்றவர்கள் கணினியில் அது 'மை டாக்குமென்ட்ஸ்' போய் நிற்கும். எங்களுடையதில் சரிதாவின் ஃபோல்டரில் நிற்கும்.

சரிதா என் மனைவி. ஐகானின் ப்ராப்பர்டீஸைத் திறந்து, டார்கெட் என்ற கட்டத்தில் தன் ஃபோல்டரின் பாதையை அடித்து, அவள்தான் அப்படி வைத்தாள். கல்யாணப் பத்திரிகைகளுக்காக அவள் வரைந்த பூக்களும் கொடிகளும் அதில் இருந்தன.

"தெனமும் ஏறி எறங்க என்னால ஆவாது. கதவத் தொறந்தா என் ரூமுக்குள்ள நிக்கணும்" என்றாள்.

ஆனி மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். ஐகான் அப்படியே இருந்தது.

காலையில் கடையைத் திறந்ததும் அதைச் சொடுக்குவேன். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அவள் வைத்த பெயர்கள் வரிசையாக வரும். மல்லி புதுசு. கொடி வேண்டாம். கொடி வேணும். அக்கா பொண்ணு கேட்ட மயில். எதையும் திறக்க மாட்டேன். பெயர்களைப் பார்ப்பேன். பிறகு அதிலிருந்து வெளியேறி, அன்றைய வேலை இருக்கும் ஃபோல்டருக்குப் போவேன்.

அந்த ஆண்டுதான் ஊரின் பெயர் மாறியது. பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனது. மூலக்குளத்தில் இருந்த எல்லாக் கடைக்கும் கிளினிக்கிற்கும் சீட்டுக் கம்பெனிக்கும் புது லெட்டர்பேடு தேவைப்பட்டது. தனியாகச் சமாளிக்க முடியவில்லை. இஃப்ஃபத்தை வேலைக்கு எடுத்தேன். முல்லா வீதிப் பெண். பி.காம். முடித்தவள். வேகமாக அடிப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். கடையில் பேச்சுச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. முதல் வாரம் எனக்குத் தலை வலித்தது. அப்புறம் பழகிவிட்டது.

"அண்ணே, இத மாத்திடலாமா?" என்றாள் ஒருநாள்.

"எத?"

"இந்த ஐகான. லெட்டர்பேடெல்லாம் வேற எடத்துல கெடக்கு. ஒவ்வொரு தடவையும் இதுக்குள்ள போய் நின்னுட்டு, வெளிய வந்து, மேல ஏறி, மறுபடி கீழ எறங்கணும். முல்லா வீதிக்குப் போறவ வில்லியனூர் போய்த் திரும்புன மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்" என்றேன்.

"எங்க திறக்கணும்னு சொன்னீங்கன்னா நானே..."

"இருக்கட்டும்மா."

எனக்கு விருப்பமில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கும். சரிண்ணே என்று அடிக்க ஆரம்பித்தாள். அவள் சொன்னதில் தவறு இல்லை. மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் மாற்றிவிட்டால், அந்த ஃபோல்டருக்குள் நானாகத்தான் போக வேண்டும். போவேனா என்று எனக்குத் தெரியவில்லை. போகாமலே இருந்துவிடுவேன் என்று தோன்றியது. அந்தப் பயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆதிலட்சுமி வந்தது கார்த்திகை மாதத்தில். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். மகள் அமுதவல்லிக்குத் தை மாதம் கல்யாணம். கூடவே அவருடைய கொழுந்தனார் கலியபெருமாள் வந்திருந்தார். பத்திரிகைக்கான மேட்டரை ஆதிலட்சுமி சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

"கீழ, அழைக்கிறது யாருன்னு போடணும்க்கா" என்றேன்.

"எம்பேரு போடு. ஆதிலட்சுமி."

கலியபெருமாள் தொண்டையைச் செருமினார். "அண்ணி, வழக்கமா இந்த மாதிரி எடத்துல சித்தப்பன் பேருதான்..."

"நீ உம்பொண்ணு கல்யாணத்துக்குப் போட்டுக்க."

"எனக்குப் பொண்ணே இல்லியே."

"அப்ப பேசாம நில்லு."

ஆதிலட்சுமியின் கணவர் உயிரோடு இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புருஷனை இழந்தவர் தன் பெயரில் கல்யாணத்துக்கு அழைப்பது அவர்கள் பக்கம் வழக்கமில்லை. எங்கள் பக்கமும் இல்லை. அவர் சொன்னபடியே எழுதினேன்.

எங்கள் தொழிலில் பத்திரிகையை யாரும் முதல் எழுத்திலிருந்து அடிப்பதில்லை. பழைய பத்திரிகை ஒன்றைத் திறப்போம். உடனே அதை வேறு பெயரில் சேவ் செய்வோம். பிறகு உள்ளே இருக்கிற பெயர்களை அழித்துவிட்டுப் புதுப் பெயர்களைப் போடுவோம். நடுவில் இருக்கிற அந்த ஒரு படியை மறந்தால் பழையது போய்விடும். புதியதுதான் இருக்கும்.

மறுநாள் நான் அச்சகத்துக்குப் போயிருந்தபோது இஃப்ஃபத் அந்தப் பத்திரிகையை எடுத்தாள். அதுவரை லெட்டர்பேடு மட்டும்தான் செய்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை அவளுக்கு அதுதான் முதல். ஐகானைச் சொடுக்கினாள். சரிதாவின் ஃபோல்டர் திறந்தது. அதில் 'கல்யாணம்' என்று ஒரு ஃபைல் இருந்தது. திறந்தாள். அழகாக இருந்தது. பழைய பெயர்களைப் படிக்காமல், நான் எழுதிய தாளைப் பார்த்தே பெயர்களை மாற்றினாள். சேவ் செய்தாள். ப்ரூஃப் எடுத்து மேசையில் வைத்தாள்.

நான் திரும்பி வந்தபோது ஆதிலட்சுமியும் கலியபெருமாளும் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சரிபார்க்காத ப்ரூஃப் அது.

"உள்ள எல்லாம் சரியா இருக்கு" என்றார் ஆதிலட்சுமி. "வெளியதான் வேற யாரோ நிக்கிறாங்க. யாருப்பா இந்தச் சரிதா? எங்க மாப்பிள்ளைக்கு இன்னொரு எடமும் பாத்து வச்சிருக்கியா?"

கலியபெருமாள் சிரித்தார். இஃப்ஃபத் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஃபைலில் அட்டை கடைசிப் பக்கம்; அதுவரை கீழே நகர்த்திப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

காகிதத்தைக் கையில் வாங்கினேன். அட்டையில் மல்லிக் கொடிக்கு நடுவில் 'அருள்முருகன் – சரிதா' என்று இருந்தது. புரட்டினேன். உள்ளே அமுதவல்லி, தணிகைவேல்.

கணினியின் முன் உட்கார்ந்து அந்த ஃபைலைத் திறந்தேன். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. சரிதாவின் அப்பா பெயர் இல்லை. என் அம்மா பெயர் இல்லை. நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட மண்டபம் இல்லை. வாடிக்கையாளர் வேலைகளை மட்டும்தான் சிடியில் ஏற்றி வைப்போம். எங்கள் பத்திரிகையை யாரும் வாடிக்கை வேலையாக நினைக்கவில்லை. அச்சடித்தது ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கும். அவள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நகர்த்தி நகர்த்தி வைத்த ஃபைல் இனி இல்லை.

"அண்ணே" என்றாள் இஃப்ஃபத். "தொறந்ததும் இந்த ஃபோல்டருதானே வருது. அதனால மாதிரி பத்திரிகையெல்லாம் இங்கதான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அருள்முருகன் நீதானப்பா?" என்றார் ஆதிலட்சுமி. கடைப் பலகையில் என் பெயர் இருந்தது.

"ஆமாங்க்கா. இது எங்க பத்திரிகை. தெரியாம இதுல அடிச்சிட்டாங்க."

"உன் வீட்டுக்காரி எங்க?"

"இல்லைங்க்கா. ஆனியில போயிட்டாங்க."

சாலையில் வில்லியனூர் பஸ் போனது.

கலியபெருமாள் எழுந்துவிட்டார். "அண்ணி, வாங்க, போலாம். டவுன்ல எத்தினியோ கடை இருக்கு. நல்ல காரியத்துக்குப் போய் இதவா... அபசகுனம்."

"அப்ப எம்பேர என்னா பண்றது?" என்றார் ஆதிலட்சுமி. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"எந்தப் பேர?"

"உள்ள கீழ போட்டிருக்கே, அத. அதுவும் அபசகுனந்தான? அதையும் எடுத்துட்டுப் போலாமா?"

"நான் அதச் சொல்லல அண்ணி."

"அதத்தான் சொல்ற. ஒரு வாரமா அதத்தான் சொல்லிக்கினு இருக்க, வேற வேற வாயில."

கலியபெருமாள் வெளியே போய் நின்றார். பீடியை எடுத்தார், பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டார்.

நான் சொன்னேன். "வேற மாதிரியில போட்டுத் தரேங்க்கா. நாளைக்கே தந்துடுவேன்."

அவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கொடியும் பூவும் வேறு கல்யாணத்துக்குப் போவதை நான் விரும்பவில்லை.

"இந்தப் பூ யாரு போட்டது?"

"அவங்கதான்."

ஆதிலட்சுமி ப்ரூஃபை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மத்த கடையில காட்டுனதெல்லாம் பாத்தேன். பூவெல்லாம் ஒண்ணா அப்பி வச்சு, வெல்வெட்டுத் துணி மாதிரி. இது மொக்கு மொக்கா தனியா இருக்கு. கையில கட்டுன பூ மாதிரி. எம்பொண்ணு இதக் கண்டா விடமாட்டா, எனக்குத் தெரியும். வெளிப் பேர மட்டும் மாத்திக் குடு."

"அக்கா..."

"உனக்குக் குடுக்க மனசில்லன்னா சொல்லு, நான் போயிடறேன். அது வேற. சகுனம் அது இதுன்னு எனக்காக யோசிக்காத. அத யோசிக்கத்தான் ஒருத்தன் வெளிய நிக்கிறானே."

வெளியே கலியபெருமாள் திரும்பிப் பார்த்தார். இஃப்ஃபத்துக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மனசு இருக்கிறதா இல்லையா என்று யோசித்தேன். சரிதா இறந்த பிறகு யாரும் என்னிடம் எதையும் இப்படி நேராகக் கேட்கவில்லை. எல்லோரும் என்னைச் சுற்றிப் போனார்கள், ஈரத் தரையைச் சுற்றிப் போவது போல. சரிதாவின் வேலையை நன்றாக இருக்கிறது, வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். அவள் உயிரோடு இருந்தால் மறுபேச்சே இருந்திருக்காது. கொடியை இன்னும் கொஞ்சம் இறக்கட்டுமா என்றுதான் கேட்டிருப்பாள்.

"இருக்குக்கா" என்றேன். "மாத்தித் தரேன்."

"அப்ப செய். கல்யாணம் தேங்காய்த்திட்டு மண்டபத்துல. பத்திரிகை அடிச்சவன் சாப்பிடாம போவக்கூடாது. நீயும் வா, இந்தப் பொண்ணையும் கூட்டியா. ஏம்மா, கல்யாணச் சாப்பாடு சைவந்தான், ஒத்துக்குமா?"

"நான் சைவம் இல்லக்கா" என்றாள் இஃப்ஃபத் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மீனுன்னா உசுரு."

"அடிப்பாவி, கல்யாணத்துல மீனுக்கு நான் எங்க போவேன்? மறுநாளு வூட்டுக்கு வா."

அவர்கள் போன பிறகு இஃப்ஃபத் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலையை விட்டு நிற்கப் போகிறாள் என்று தெரிந்தது. நான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"பைய வை. இதப் பாரு" என்றேன். "முதல்ல வேற பேருல சேவ் பண்ணணும். அதுக்கப்புறம்தான் எழுத்தத் தொடணும்."

சேவ் ஆஸ் கொடுத்தேன். எங்கே சேவ் செய்ய வேண்டும் என்று கணினி கேட்டது. சரிதாவின் ஃபோல்டரையே காட்டியது. அங்கே இன்னொரு கல்யாணத்தை வைக்க எனக்கு விருப்பமில்லை. கை மவுஸின் மேல் நின்றது.

"இஃப்ஃபத், நீ அன்னைக்குக் கேட்டியே. உன்ன விட்டா எங்க திறக்க வைப்ப?"

அவள் பையைக் கீழே வைத்தாள். "லெட்டர்பேடுல இல்லண்ணே. மை டாக்குமென்ட்ஸும் வேணாம், அது குப்பத்தொட்டி. முடியாத வேல மட்டும் இருக்குற மாதிரி ஒண்ணு. முடிஞ்சதும் அங்கேருந்து எடுத்துடணும். காலையில தொறந்தா, அன்னைக்கு என்ன செய்யணுமோ அதான் கண்ணுல படணும்."

அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறாள். 'கையில் இருப்பவை' என்று புது ஃபோல்டர் உருவாக்கினேன். அமுதவல்லியின் பத்திரிகையை அதில் சேவ் செய்தேன். அட்டையில் எங்கள் பெயர்களை அழித்து அவர்கள் பெயர்களை அடித்தேன். எழுத்தின் அளவை ஒரு புள்ளி கூட்ட வேண்டியிருந்தது.

சரிதாவின் ஃபோல்டரில் பழைய 'கல்யாணம்' ஃபைலை அப்படியே விட்டுவிட்டேன். வெளியே நாங்கள், உள்ளே தேங்காய்த்திட்டு. யாராவது பார்த்தால் குழம்புவார்கள். இருக்கட்டும்.

பிறகு ஐகானின் மேல் வலது சொடுக்கு. ப்ராப்பர்டீஸ். டார்கெட் கட்டத்தில் அவள் அடித்த பாதை இருந்தது. கடைசிச் சொல்லை மட்டும் அழித்துப் புதியதை அடித்தேன். ஓகே கொடுத்தேன். சரிதாவின் ஃபோல்டர் இடம் மாறவில்லை. டி டிரைவில் அதே இடத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை கடையைத் திறந்து ஐகானைச் சொடுக்கினேன். அமுதவல்லி பத்திரிகை. ஒரு கிளினிக்கின் லெட்டர்பேடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததற்காகப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா குடும்பத்தின் கடிதம். மல்லி இல்லை. கொடி இல்லை. சற்று நேரம் கை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது. பிறகு கடிதத்தைத் திறந்தேன். பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் ஏறும் குறிகள் ஒவ்வொன்றையும் தனியாகப் போட வேண்டும். மதியம்வரை அந்த வேலையே சரியாக இருந்தது.

நான்கு நாளைக்கு அந்த ஃபோல்டருக்குப் போகவில்லை. பயந்தபடியே நடக்கிறது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மூலக்குளத்திலேயே ஒரு வீட்டுக்காரர் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் கேட்டு வந்தார். மயில் வேண்டும் என்றார். இஃப்ஃபத் சிடியில் இருந்த மயில்களை எல்லாம் காட்டினாள். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"கோழி மாதிரி இருக்கும்மா" என்றார்.

இஃப்ஃபத் என் பக்கம் திரும்பவில்லை. கேட்கவும் இல்லை. அவள் கேட்காமல் இருப்பது எனக்குக் கேட்டது.

"எழுந்திரு" என்றேன். கணினியின் முன் உட்கார்ந்தேன். ஒரு படி மேலே ஏறினேன். சரிதாவின் ஃபோல்டரைச் சொடுக்கினேன். பெயர்கள் வரிசையாக வந்தன. அவள் போன பிறகு முதல்முறையாக அவள் வரைந்த ஒன்றைத் திறந்தேன், அக்கா பொண்ணு கேட்ட மயிலை. கழுத்தைத் திருப்பி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கால் இன்னும் வரையப்படவில்லை. நகல் எடுத்து, 'கையில் இருப்பவை'யில் ஒட்டினேன்.

"இதான்" என்றார் வீட்டுக்காரர்.

இஃப்ஃபத் குனிந்து பார்த்தாள். "ஒரு காலு இல்லியேண்ணே."

"நீ போடு" என்றேன்.